கூரையில் இரண்டு தட்டு

செவ்வாய்க்கிழமை மதியம், படப்பிடிப்பின் உதவி இயக்குநர் ஒலிபெருக்கியோடு வந்து நின்று, வியாழக்கிழமை ஒத்தக்கண்ணன் சார் வருகிறார் என்று அறிவித்தாள். அவளுக்கும் கார் ஓட்டும் ரிவர்சுக்கும் நடுவே ஒரு முழம் தூரம்கூட இல்லை. இருந்தாலும் ஒலிபெருக்கியில்தான் சொன்னாள். அந்தப் பெண் பெற்ற தாயிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் அதில்தான் கேட்பாள் என்று விளக்குத் தூக்குகிறவர்கள் சொல்வார்கள்.

ரிவர்ஸ் தலையை ஆட்டினான். பிறகு துணியை எடுத்துக் காரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். அதுவோ படத்துக்காகப் புழுதி பூசி வைத்த கார். செட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள் ஓடிவந்து, காலையிலேர்ந்து உட்கார்ந்து பூசின புழுதிண்ணே என்று சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ரிவர்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. எந்தச் சந்தில் நிறுத்தினாலும் அவன் வண்டியின் மூக்கு வெளியேறும் பக்கம் பார்த்துத்தான் நிற்கும். அதற்காக நாலு தெருவையும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருவான். கல்யாணப் படத்தில்கூட எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இந்த மனுஷன் மட்டும் வாசல் எங்கே என்று பார்க்கிறார் என்பாள் அவன் மனைவி.

நகரத்தில் சண்டை நடந்த மூன்று வருஷமும் அவன் ஒரு பத்திரிகையின் காரை ஓட்டினான். வெள்ளைக் கார். முன்னால், பின்னால், கூரையில் என்று மூன்று இடத்தில் கறுப்பு டேப்பால் 'பத்திரிகை' என்று ஒட்டியிருக்கும். வெயிலில் டேப் சுருண்டு ஒரு எழுத்து விழுந்துவிடும். விழுந்த எழுத்தோடு போனால் சோதனைச் சாவடியில் சந்தேகப்படுவார்கள். அதனால் டேப் சுருளை வளையல் மாதிரி கையிலேயே மாட்டிக்கொண்டு திரிவான். அந்தக் காரில் வழக்கமாகப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் நிருபர். அவருக்குப் பட்டப்பெயர் தலைப்பு. எதையும் தலைப்புச் செய்தியாகத்தான் பேசுவார். பசி எடுத்தால், 'நிருபர்கள் பட்டினி, அதிகாரிகள் மௌனம்' என்பார். இன்னொருவர் புகைப்படக்காரர். எப்போதும் இடது கண்ணை மூடி வலது கண்ணைக் கேமராவில் வைத்திருப்பதால் அவர் ஒத்தக்கண்ணன். தூங்கும்போதும் ஒரு கண்ணைத்தான் மூடுவார் என்று தலைப்பு சத்தியம் செய்வார். ரிவர்சுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஒத்தக்கண்ணன்தான்.

அந்த மூன்று பேருக்கும் ஒரு தொழில் வழக்கம் இருந்தது. ஒத்தக்கண்ணன் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டே பின்வாங்கிக் காரை ஒட்டி வருவார். கண் கேமராவில் இருக்கும், வாய்க்கு வேலை இல்லை, கத்தினாலும் சத்தத்தில் கேட்காது. சும்மா இருப்பது இடது கை ஒன்றுதான். அந்தக் கையால் கூரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால், இரு. இரண்டு தட்டு என்றால், கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த முக்கில் வந்து பிடித்துக்கொள். மூன்று தட்டே கிடையாது. மூன்று தட்டுகிற அளவுக்கு நேரம் இருந்தால் நான் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட மாட்டேனா என்பார்.

நானூறு தடவையாவது தட்டியிருப்பார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கடைசித் தடவையைத்தான் சொல்கிறேன்.

பூட்டிக் கிடந்த மருந்துக்கடை முக்கில் அன்றைக்குக் கார் நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு பின்சீட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒத்தக்கண்ணன் காருக்குப் பின்னால் நடுரோட்டில் நின்றிருந்தார். முன்னால் தெருக்கோடியில் ஒரு கவச வண்டி மெதுவாகத் திரும்பியது. ரிவர்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சுடுகிற சத்தம் அங்கிருந்து வரவில்லை, வேறெங்கோ மேலேயிருந்து வந்தது. பின்கண்ணாடி நொறுங்கியது. தலைப்பு சத்தமே போடாமல் சீட்டுக்குக் கீழே சரிந்தார். கழுத்தில் கண்ணாடிச் சில்லு ஏறி, பிடித்த கை முழுக்க ரத்தம். அந்த நேரத்தில் கூரையில், தட், தட்.

இரண்டு. ரிவர்ஸ் கிளம்பிவிட்டான்.

தலைப்பை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அதே ரத்தச் சீட்டோடு இருபத்து மூன்று நிமிஷத்தில் மருந்துக்கடை முக்குக்குத் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. ரோட்டில் ஒரு செருப்பு கிடந்தது, அதுவும் ஒத்தக்கண்ணனுடையது இல்லை. தொடையில் குண்டு வாங்கிய மனிதரை யாரோ ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தி, நகரத்தை இரண்டாகப் பிரித்த சண்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் எப்படியோ சாவடி தாண்டி ரிவர்ஸ் அங்கே போனான். வார்டு வாசலில் ஒத்தக்கண்ணனின் மனைவி நின்றிருந்தாள். அதுவரைக்கும் அவனை வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்டவள்.

"விட்டுட்டுப் போனவருக்கு இங்க என்ன வேல?" என்றாள்.

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. வழி விடாமல் நின்றாள். ரிவர்ஸ் வாங்கிப்போன பழப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினான். பிறகு சண்டை நின்றது, வருஷம் நாலு ஓடிவிட்டது. அந்த வீட்டுப் பக்கம் அவன் போனதில்லை. அந்த வீட்டிலிருந்தும் யாரும் வந்ததில்லை.

இதற்குள் தலைப்பு வேறு ஊருக்குப் போய் ஒரு புத்தகம் எழுதினார். ரிவர்ஸின் மனைவி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். யாரோ நகல் எடுக்கக் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தில் கணவனைக் கண்டுபிடித்து, இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தை மட்டும் ஒரு நகல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். 'பயத்தில் நிலைகுலைந்த ஓட்டுநர், நண்பரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.' எழுதியவர் அப்போது சீட்டுக்கு அடியில் கிடந்தார். அன்றைக்குக் கூரையில் கேட்ட தட்டு அவர் காதில் விழவே இல்லை. உயிர் பிழைத்ததற்கு ஒரு நன்றி பின்பக்கத்தில் இருக்குமோ என்று மனைவி அடுத்த நாள் அதையும் தேடிப் பார்த்தாள். பதிப்பகத்துக்கு நன்றி, தன் பூனைக்கு நன்றி. ஓட்டுநருக்கு இல்லை.

அந்த இரண்டு தட்டைப் பற்றி ரிவர்ஸ் இந்த உலகத்தில் சொன்னது அவளிடம் மட்டும்தான். சொன்ன கையோடு அதில் உள்ள கோளாறையும் சொன்னான். இரண்டு கேட்டது நிச்சயம். ஆனால் தட்டியது கையா? மேலேயிருந்து சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கலாம், கல் விழுந்திருக்கலாம், குண்டுகூட உரசியிருக்கலாம். கிளம்ப வேண்டும் என்று அவன் மனசு துடித்ததில் காதே ஒரு தட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். நாலு வருஷமாக அவன் வீட்டில் ஈயச்சட்டி விழுந்தாலும் எண்ணுவான். கதவு அடித்தாலும் எண்ணுவான். மாடிவீட்டுக்காரர் சட்டியில் தாளிக்கும்போது கரண்டியை எத்தனை தடவை தட்டுகிறார் என்பது மாடிவீட்டுக்காரருக்கே தெரியாது, இவனுக்குத் தெரியும்.

போய் ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டியதுதானே என்று அவள் நாலு வருஷமாகச் சொல்லிவிட்டாள். வாயைத் தைத்து வைத்திருக்கிறீர்களா, வேண்டுமானால் நான் கேட்டு எழுதி வாங்கி இரண்டு நகலும் போட்டுத் தருகிறேன் என்றாள்.

"கேக்காத வரைக்கும் பாதிப் பாவம்," என்றான் ரிவர்ஸ். "கேட்டு, அவர் நான் தட்டவே இல்லன்னு சொல்லிட்டா, அது முழுசு. அப்புறம் நான் என்னத்த வெச்சுத் தூங்குறது?"

அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

இப்போது அந்தப் புத்தகம்தான் படமாகிக்கொண்டிருந்தது. வாடகை வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று சொன்னார்கள் என்று வந்து சேர்ந்தவனுக்கு, மூன்றாவது நாள்தான் இது எந்தக் கதை என்று தெரிந்தது. ஓடிவிடலாம் என்று பார்த்தான். அதற்குள் இயக்குநருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். 'நான் என்ன ஃபீல் பண்றேன்னா' என்று ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டின பிறகுதான் கண்ணைத் திறப்பார். அன்றைக்குக் கண்ணை மூடி அவர் ஃபீல் பண்ணியது இதுதான்: உண்மையான ஓட்டுநரே கிடைத்துவிட்டார், இதை நானாக எழுதியிருந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஓட்டுநராக நடிக்கிறவன் பெரிய சிரிப்பு நடிகன். அவனுக்கு ஒரு குறை, கியர் போட்டு ஓட்டத் தெரியாது. முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிற காட்சிகளை அவனை வைத்து எடுத்தாயிற்று. கார் ஓடுகிற காட்சிகளில் ரிவர்ஸ் அவன் சட்டையைப் போட்டு, அவன் முடி மாதிரி ஒரு முடியை வைத்து ஓட்டவேண்டும். ஆக, நண்பனை விட்டுவிட்டு ஓடுகிற ரிவர்ஸாக, இன்னொருவன் முடியோடு, ரிவர்ஸே நடிக்கவேண்டும். அந்தக் காட்சி எடுப்பது வியாழக்கிழமை. ஆலோசகர் என்று கூப்பிட்டு ஒத்தக்கண்ணனை உட்காரவைக்கப் போவதும் வியாழக்கிழமை.

புதன்கிழமை முழுக்க அவனுக்கு எதுவும் கையில் நிற்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினான். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டான். சொல்லுங்க, காய்ச்சல் நாலு வருஷமா இருக்குன்னு சேர்த்துச் சொல்லுங்க என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை மூடிவைத்தாள், காலையில் அதுவும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை.

நல்ல தெருதான் அது, ஜனங்கள் குடியிருக்கிற தெரு. வெடிச்சத்தம் கேட்கும், படப்பிடிப்புதான், பயப்படவேண்டாம் என்று வீடுவீடாக அச்சடித்த நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் நோட்டீஸை வாங்கிக்கொண்டு ஜன்னலை மூடிவிட்டார்கள். ஒரு வீட்டில் கண்ணாடிக்குக் குறுக்கே டேப்கூட ஒட்டியிருந்தார்கள், பழக்க தோஷம். சண்டை முடிந்தபின் அந்தச் சுவர்களில் இருந்த குண்டு ஓட்டைகளைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். படக் கம்பெனி இப்போது டிரில் வைத்துப் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. பழையதைக் காட்டினால் போதாதா என்று ஒருவர் கேட்டதற்கு, பழையது பார்க்க அவ்வளவு நிஜமாக இல்லை என்றாராம் இயக்குநர்.

மூலையில் ஒரு மருந்துக்கடை. பலகையில் எழுதி மாட்டிய பொய்க்கடை. ரிவர்ஸ் அதன் முன்னால் காரை நிறுத்தி, பொய் முடியை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தச் சிரிப்பு நடிகன் ஜன்னலில் வந்து குனிந்தான். நல்ல பையன், தெரியாமல் கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு? நான் பண்ணினது சரியான்னு ஒரு சந்தேகம்."

"நான் பாக்கலையே தம்பி," என்றான் ரிவர்ஸ். "கண்ணாடி எல்லாம் உடைஞ்சிருச்சு."

பதினொரு மணிக்கு ஒத்தக்கண்ணன் வந்தார். ரிவர்ஸ் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். தலை நரைத்திருந்தது. வலது காலை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் யோசித்து வைத்தார். தோளில் கேமராப் பை மட்டும் அதேதான், அதே மாதிரிச் சாய்ந்து. மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள், குடை பிடித்தார்கள். அவர் காரைப் பார்த்தார். உள்ளே யார் என்று தெரிந்திருக்கவேண்டும். எழுந்து வரவில்லை. ரிவர்சும் இறங்கவில்லை. ஐம்பதடி இருக்கும் நடுவில். ஒரு மணி நேரம் அந்த ஐம்பதடியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இதற்குள் முப்பது பேர் அதைக் குறுக்கே கடந்து போனார்கள். ஸ்டியரிங் ஈரமாகிவிட்டது. ரிவர்ஸ் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். உதவி இயக்குநர் வந்து, அது நடிகர் போடற சட்டைண்ணே, கறையாகுதுண்ணே என்று ஒலிபெருக்கியில் சொல்லித் தெருவுக்கே தெரியப்படுத்தினாள்.

ஒத்திகை என்றார்கள். சொல்லிக்கொடுத்தது இதுதான்: வெடி வெடிக்கும், புகைப்படக்காரராக நடிக்கிறவன் காருக்குப் பின்னால் விழுவான், அவன் விழுந்ததும் கார் கிளம்பவேண்டும், திரும்பியே பார்க்காமல். நான் என்ன ஃபீல் பண்றேன்னா, என்றார் இயக்குநர் கண்ணை மூடி, அந்த டயர் ஒரு தடவை சுத்தி வழுக்கிட்டுப் போகணும், அதுதான் குற்ற உணர்ச்சி.

வெடித்தது. நடிகன் பின்வாங்கி வந்தான், சுட்டதும் சரிந்தான். சரிகிற வேகத்தில் அவன் கையில் இருந்த கேமரா கையோடு சேர்ந்து வீசிக் கூரை விளிம்பில் மோதியது.

தட்.

கிளட்சை விட்டு ஒரு முழம் நகர்ந்த கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. என்ஜின் அணைந்தது. இயக்குநர் கண்ணைத் திறந்தார். தெரு முழுக்க அமைதியாகி, எல்லோரும் காரைப் பார்த்தார்கள். வண்டிக்கு என்னாச்சுண்ணே என்று ஒலிபெருக்கி கேட்டது. ரிவர்ஸ் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடியில் பார்த்தபோது மானிட்டர் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. கால் தேய்கிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கதவு திறந்தது. ஒத்தக்கண்ணன் உள்ளே குனிந்தார், ஆனால் உட்காரவில்லை.

"ஏன்டா நிறுத்தின?"

"ஒரு தட்டு கேட்டுச்சு," என்றான் ரிவர்ஸ். "ஒரு தட்டுன்னா இருக்கணும்ல."

ஒத்தக்கண்ணன் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் நான் ஒரு தட்டுதானடா தட்டினேன்."

நாலு வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்து ஒரு தெருவுக்குள் போகாமல் இருந்தானோ அந்த வார்த்தை இதுதான். ஆனால் வந்து விழுந்தபோது அவன் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தட்டவே இல்லை என்று சொல்வார் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒன்று என்று சொல்வார் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

"இல்லண்ணே," என்றான். "ரெண்டு. எனக்கு ரெண்டு கேட்டுச்சு. ரெண்டுன்னு கேட்டுத்தாண்ணே நான் போனேன்."

"ஒண்ணுடா. கை என்னுது. எனக்குத் தெரியாதா? இருன்னு தட்டினேன். தட்டினேன், கால்ல பட்டுச்சு, நான் விழுந்தேன், நீ போற. ரோட்ல படுத்துக்கிட்டு உன் நம்பர் பிளேட்ட படிச்சிட்டிருக்கேன்."

"பட்டு விழுந்தப்போ கேமரா எங்க இருந்துச்சு?"

இதை ரிவர்ஸ் யோசித்துக் கேட்கவில்லை. அவன் கண் பின்னால் தரையில் கிடந்த அந்த நடிகன் மேலேயே இருந்தது. 'கட்' சொல்லாததால் அவன் இன்னும் எழுந்திருக்காமல் செத்தே கிடந்தான். ஒத்தக்கண்ணனும் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு பார்க்க எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"வெள்ளை பெயின்ட்," என்றார் மெதுவாக.

"என்னண்ணே?"

"என் கேமரா மூலை நசுங்கி, அதுல வெள்ளை பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. இப்பவும் இருக்கு. ரோட்டுக் கோடு மேல விழுந்ததுல ஒட்டினதுன்னு நெனச்சேன்." நிறுத்தினார். "அந்தத் தெருவுல கோடே கிடையாது."

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு மாதிரி நடித்துக் காட்டுவார்கள். ஒத்தக்கண்ணன் போய், செத்துக் கிடந்தவன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். ரிவர்ஸை என்ஜினைப் போடச் சொன்னார், முன்னால் பார்க்கச் சொன்னார், திரும்பினால் தெரியும் சேதி என்றார். காருக்குப் பின்னால் போய் நின்று, இடது கையால் ஒரு தட்டு, உடனே கேமரா மூலையால் கூரையில் ஓர் இடி. ரிவர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எது கை என்று கேட்டார். ரெண்டும் கைதான் என்றான். மாற்றித் தட்டினார். எது கை? ரெண்டும்தாண்ணே. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. வாடகைக் கேமராவின் மூலை பெயர்ந்து வந்தது. பொருட்களுக்குப் பொறுப்பானவர் வாயைத் திறந்தார், இயக்குநர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஒத்தக்கண்ணன் கேள்வி கேட்கவில்லை. வந்து முன்சீட்டில் ஏறி, வராத காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் பொய் மருந்துக்கடையைப் பார்த்தார்கள்.

"நாலு வருஷமா உன்னத் திட்டாத நாள் இல்லடா," என்றார்.

"தெரியும்ணே."

"உனக்குத் தெரியாது. இத்தனை கெட்ட வார்த்தை எனக்கு வரும்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது. பிசியோ பண்ற பொண்ணு, ஒவ்வொரு தடவை காலை மடக்கும்போதும், யார் சார் அந்த ரிவர்ஸுன்னு கேக்கும்."

ரிவர்சுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஒத்தக்கண்ணன் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. தோள் தளர்ந்திருந்தது. தான் விழுந்ததைப் பார்த்தும் நண்பன் விட்டுவிட்டு ஓடவில்லை என்று அந்த மனிதருக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க ரிவர்சுக்கு மட்டும் அந்தப் பாரம் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டே போனது. நேற்று வரைக்கும் அவனிடம் ஒரு 'ஒருவேளை' இருந்தது. ஒருவேளை கிளம்பு என்றுதான் தட்டியிருப்பார். அது இப்போது இல்லை.

"இருன்னுதானேண்ணே சொன்னீங்க?"

"ஆமா."

"நான் போயிட்டேன்."

போகாமல் இருந்திருந்தால் தலைப்பு செத்திருப்பார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை ஒத்தக்கண்ணன் சொல்லவில்லை, இவனும் எடுக்கவில்லை. இவன் கேட்டது அதை இல்லை.

"ஆமாடா," என்றார் கடைசியில். "போயிட்ட."

அந்த ஆமாவை ரிவர்ஸ் வாங்கிக்கொண்டான். சமாதானம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டான்.

இயக்குநர் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஒத்தக்கண்ணன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், இந்த ஆள் பயந்து ஓடவில்லை, அதை மாற்றுங்கள் என்றார். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். ரொம்ப அழகு சார் என்றார். ஆனால் தியேட்டரில் உட்காருகிறவனுக்குக் கூரைத்தட்டு ஒன்றா இரண்டா என்று எப்படிப் புரியும், பயம் என்றால் உடனே புரியும், பாத்திரம் வேறு ஆள் வேறு, எடிட்டிங்கில் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒத்தக்கண்ணனின் குரல் ஏறியது. ரிவர்ஸ்தான் அவர் கையைத் தொட்டான்.

"விடுங்கண்ணே. தியேட்டர்ல இருக்கறவனுக்கா நான் இத்தன நாள் பயந்தேன்?"

டேக் எடுத்தார்கள். நடிகன் புதுக் கேமராவோடு விழுந்தான், இந்தத் தடவை கூரையில் படாமல் விழச் சொல்லியிருந்தார்கள். ரிவர்ஸ் கிளம்பினான். டயர் ஒரு தடவை வழுக்கியது. கேட்டபடியே எல்லாம் செய்தான், திரும்பிப் பார்க்கவில்லை. தெருக்கோடியில் திரும்பி, கண்ணுக்கு மறைந்த இடத்தில் நிறுத்தினான்.

அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பியபோது, முக்கில் ஒத்தக்கண்ணன் நின்றிருந்தார், நல்ல காலில் எடையைப் போட்டுக்கொண்டு. கையை நீட்டினார், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

"என்னை வீட்ல விட்டுடுவியா?"

"இன்னும் ரெண்டு டேக் இருக்காம்ணே. மூணு மணி ஆகிடும்."

"ஆகட்டும்."

"உங்க வீட்டம்மா..."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். நீ வாசல் வரைக்கும் வா. அதுக்கு அப்புறம் அவ என்ன சொல்றாளோ, நின்னு கேட்டுட்டுப் போ." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்தார். "நானும் பக்கத்துல நிக்கறேன்."

மானிட்டர் பக்கமிருந்த நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். குடைக்காரன் பின்னாலேயே ஓடிவந்தான், அவனைத் துரத்திவிட்டார். கார் திரும்பி வரும் வளைவைப் பார்த்து நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த டேக்குக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த இடைவெளியில் ரிவர்ஸ் மனைவிக்குப் போன் செய்தான். பின்னால் நகல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கேட்டுட்டேன்," என்றான்.

இயந்திரம் நின்றது. "என்ன சொன்னார்?"

"இருன்னுதான் தட்டியிருக்கார்."

அவர் இப்போது எங்கே என்று கேட்டாள்.

"இங்கதான். ரோட்டோரமா நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். எனக்காக."

"அப்ப பேசிட்டு நிக்காதீங்க," என்றாள். "சீக்கிரம் முடிங்க. அந்த மனுஷனை ரொம்ப நேரம் ரோட்டுல வெச்சுடாதீங்க."